இழப்பீடு யார் கையிலிருந்து வர வேண்டும்?

ஊர்ப் பொது இடத்தில் ஒரு புல்தரை. ஜனங்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னால் நீளமான பெஞ்சில் ஊரார் தேர்ந்தெடுத்த நீதிபதிகள், மார்புக்குக் குறுக்கே தேசியக் கொடியின் நிறத்தில் ஒரு பட்டை. ஒரு பெண் எழுந்து நின்று பட்டியல் சொல்கிறார்: மாடு இத்தனை, கூரைத் தகரம் இத்தனை, கதவு இரண்டு, பீன்ஸ் மூட்டை ஒன்று. எதை யார் தூக்கிக்கொண்டு போனார்கள் என்றும் பெயர் பெயராகச் சொல்கிறார். அந்தப் பெயர்களுக்கு உரியவர்களும் அதே புல்லில், பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள்.

ருவாண்டாவில் ஆயிரக்கணக்கான ஊர்களில் இப்படி நடந்தது. 1994 ஏப்ரலில் தொடங்கி சுமார் 100 நாட்களில், பெரும்பான்மை ஹுத்து இனத்தின் தீவிரவாதிகள் சிறுபான்மைத் துத்சி மக்களில் பெரும்பகுதியினரையும், கொலைக்கு உடன்படாத ஹுத்துக்கள் பலரையும் வெட்டிக் கொன்றார்கள். இறந்தவர்கள் 8 லட்சம் என்று ஐ.நா. சொல்கிறது, 10 லட்சத்துக்கும் மேல் என்று ருவாண்டா அரசு சொல்கிறது. கொன்றவர்களில் பெரும்பாலோர் படை வீரர்கள்கூட இல்லை, அக்கம்பக்கத்து ஆட்கள். பிடித்து அடைத்ததில் சிறைகள் நிரம்பி வழிந்தன. வழக்கமான நீதிமன்றங்களை நம்பினால் விசாரித்து முடிக்க நூறு ஆண்டுக்கு மேல் ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். அதனால்தான் பழைய ஊர்ப் பஞ்சாயத்து முறையை எடுத்து, சட்டம் போட்டு, கச்சாச்சா நீதிமன்றங்களாக ஆக்கினார்கள். அந்தச் சொல்லே புல்லைக் குறிப்பதுதான். 2002-ல் சோதனையாகத் தொடங்கி, 2005-லிருந்து நாடு முழுக்க விரிந்து, 2012 ஜூனில் முடிந்தது. சுமார் 12,000 மன்றங்கள், 19 லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகள். அதில் 13 லட்சம் வழக்குகள் கொலை சம்பந்தப்பட்டவை அல்ல. சொத்து வழக்குகள்: கொள்ளையடித்த மாடு, பிரித்தெடுத்த கூரை, இடித்த வீடு.

இந்த எண்ணிக்கை எனக்கு முதலில் பிடிபடவில்லை. குடும்பம் குடும்பமாகச் செத்த நாட்டில் தகரத்தைப் பற்றியா இவ்வளவு பேச்சு என்று தோன்றியது. அப்புறம்தான் அதன் கனம் புரிந்தது. செத்தவரை யாராலும் திருப்பித் தர முடியாது. ஆனால் உன் வீட்டுத் தகரம் எதிர்வீட்டுக் கூரையில் இருக்கிறது. தினமும் காலையில் வாசலுக்கு வந்தால் அதில்தான் வெயில் பட்டு மின்னுகிறது. அதைப் பார்த்துக்கொண்டே எதிர்வீட்டுக்காரருக்கு வணக்கம் சொல்ல வேண்டும். நல்லிணக்கம் என்ற பெரிய சொல் ஊருக்குள் இறங்கி வந்து நிற்கும் இடம் அந்த வாசல்தான்.

சரி, கேள்விக்கு வருவோம். ஒரு நாட்டில் கூட்டுப் படுகொலை நடந்து ஓய்ந்துவிட்டது. கொன்றவரும் இழந்தவரும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்தாக வேண்டும். இழப்பீட்டை எப்படிக் கொடுப்பது? செய்தவரே கொடுக்க வைக்கலாம். அரசு ஒரே தடவையில் ரொக்கமாகக் கொடுக்கலாம், அல்லது மாதாமாதம் கொடுக்கலாம். ஊருக்குப் பொதுவாக வாய்க்காலோ பள்ளிக்கூடமோ கட்டித் தரலாம். பணத்தையே தொடாமல், மன்னிப்போடும் கொஞ்சம் உடலுழைப்போடும் முடித்துக்கொள்ளலாம். இவை எல்லாவற்றையும் ஏதாவது ஒரு நாடு செய்து பார்த்திருக்கிறது. எதையும் வாங்க மாட்டோம் என்று இழந்தவர்கள் சொல்வதும் ஒரு வழிதான், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எவ்வளவு கொடுப்பது என்பதில்தான் அரசுகள் அதிக நேரம் செலவழிக்கின்றன. யார் கையால், எதற்குப் பிறகு கொடுப்பது என்பதில்தான் ஊர் சேர்வதும் உடைவதும் இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் செய்தவரே கொடுக்கும் வழி. ருவாண்டாவைப் போல் இதைப் பெரிய அளவில் வேறெந்த நாடும் செய்து பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. சட்டம் சொன்னது எளிமையானது. எடுத்த பொருள் இருந்தால் பொருளையே திருப்பிக் கொடு. இல்லையென்றால் விலையைக் கொடு. அதற்கும் வழியில்லையென்றால் அந்த விலைக்கு உழைத்துக் கொடு. இரண்டு குடும்பமும் தாங்களாகவே பேசி முடித்துக்கொண்டால் வழக்கே வேண்டாம். இந்தக் கடைசி விதி எனக்கு மிகவும் பிடித்தது. ஏனென்றால் பேசி முடிக்க வேண்டுமென்றால் முதலில் ஒருவர் இன்னொருவர் வீட்டு வாசலை மிதித்தாக வேண்டும்.

செய்தவர் கையால் வரும்போது அந்தப் பணத்தோடு ஒரு வாக்குமூலமும் சேர்ந்தே வருகிறது. 'உன் மாட்டை நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன்' என்று ஒப்புக்கொள்ளாமல் மாட்டு விலையைக் கொடுக்க முடியாது. ஊரே கேட்கிறது, பிள்ளைகளும் கேட்கிறார்கள். பத்து வருஷம் கழித்து அப்படி எதுவும் நடக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இன்னொன்று, தவணை. மூன்று விதைப்புக் காலம் வந்து வயலில் வேலை செய்து கடனை அடைக்கிறேன் என்று ஒருவர் ஒத்துக்கொண்டால், அந்த மூன்று காலமும் இரண்டு பேரும் பேசித்தான் ஆக வேண்டும். மண்வெட்டி எங்கே, தண்ணீர் கொடு, நாளைக்கு வர முடியாது, இந்த அளவுப் பேச்சுதான். ஆனால் பேச்சு. ருவாண்டாக்காரர்களுக்கு மாடு என்பது சொத்து மட்டும் அல்ல. ஒருவருக்கு மாடு கொடுத்தால் இரண்டு வீட்டுக்கும் உறவு ஏற்பட்டுவிடுகிறது. 2006-ல் அரசு தொடங்கிய கிரிங்கா திட்டமும் இந்த வழக்கத்தின் மேல்தான் நிற்கிறது: மாடு பெற்ற ஏழைக் குடும்பம் முதல் பெண் கன்றை அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். புகெசேரா மாவட்டத்தில் ம்ப்யோ என்ற ஊரில், சிறையிலிருந்து வந்தவர்களும் தப்பிப் பிழைத்தவர்களும் சேர்ந்து கட்டிய வீடுகளில் பக்கம் பக்கமாகக் குடியிருக்கிறார்கள். காட்சிக்காக வைத்திருக்கும் ஊர் என்று குறை சொல்பவர்களும் உண்டு. அந்தக் குறையில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். ஆனாலும் அந்தச் சுவர்களுக்கு மண் பிசைந்தது யார் கை என்பது அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும்.

இவ்வளவு நல்லதைச் சொன்ன பிறகு, இது எங்கே கிழிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். செய்தவர்கள் பரம ஏழைகள். ஒருவர் சிறையில் இருக்கிறார், வீட்டில் மனைவியும் பிள்ளைகளும், பிழைப்புக்குக் கொஞ்சம் வாழைத் தோட்டம். மூன்று மாட்டு விலை கட்டு என்று தீர்ப்பு. அமீனா வந்து தோட்டத்தை ஜப்தி செய்தால், கொலை நடந்தபோது பிறந்தேயிராத பிள்ளை தெருவில் நிற்கும். அந்தப் பிள்ளைக்குத் தன் அப்பா மேல் கோபம் வராது, காகிதத்தோடு வந்த விதவை மேல்தான் வரும். அந்த விதவையின் நிலைமை அதைவிட மோசம். தீர்ப்பைக் கையில் கொடுத்து, வசூலிப்பது உன் பாடு என்று விட்டுவிட்டார்கள். தன் கணவனைக் கொன்ற வீட்டுக்கு ஒருமுறை, இரண்டு முறை, ஐந்து முறை நடந்து போய்த் 'தருகிறேன் என்றீர்களே' என்று கேட்டு நிற்க வேண்டும். கடன் கொடுத்தவரைப் போல அல்ல, பிச்சை கேட்பவரைப் போல. பலர் அலுத்துப்போய் 'மன்னித்துவிட்டேன்' என்று சொல்லி விட்டுவிட்டார்கள். அந்தச் சொல்லைப் பதிவேட்டில் நல்லிணக்கம் என்று எழுதிக்கொண்டால் அது பெரிய அநியாயம்.

இன்னும் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. மாட்டுக்கு விலை போட்ட சட்டம் மனிதருக்குப் போடவில்லை. கொலைக்கும் காயத்துக்கும் வன்புணர்ச்சிக்குமான இழப்பீட்டைத் தனிச் சட்டம் ஒன்று தீர்மானிக்கும் என்று 2004-ன் கச்சாச்சா சட்டத்தில் ஒரு வரி இருந்தது. அந்தத் தனிச் சட்டம் வரவேயில்லை. ஆரம்ப வருஷங்களில் வழக்கமான நீதிமன்றங்கள் சில வழக்குகளில் பெரிய தொகைகளைத் தீர்ப்பாகக் கொடுத்தன. பெரும்பாலும் அவை காகிதத்தோடு நின்றுவிட்டன. தான்சானியாவின் அருஷாவில் ஐ.நா. நடத்திய சர்வதேசத் தீர்ப்பாயத்துக்கோ இழப்பீடு வழங்கும் அதிகாரமே கிடையாது. அங்கே சாட்சி சொல்லப் போன பெண்கள் வெறுங்கையோடு ஊர் திரும்பினார்கள். அப்புறம், படுகொலையை நிறுத்தி ஆட்சியைப் பிடித்த ருவாண்டா தேசப்பற்று முன்னணியின் படையினர் கொன்றவர்களைப் பற்றிய பேச்சு அந்தப் புல்தரைக்கு வரவே இல்லை. 2004 சட்டம் போர்க்குற்றங்களைக் கச்சாச்சாவின் வரம்பிலிருந்து எடுத்துவிட்டது. அந்தக் குடும்பங்களுக்கு நஷ்டக் கணக்கு எழுதவே ஏடு இல்லாமல் போயிற்று.

ருவாண்டா அரசு சும்மா இருந்ததென்று சொல்ல முடியாது. 1998-ல் உயிர் தப்பியவர்களுக்கென ஒரு நிதியம் அமைத்து, அரசு வருவாயில் 5 சதவீதத்தை அதற்கு ஒதுக்கியது. ஏழை நாட்டுக்கு அது பெரிய பங்கு. பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம், மருத்துவம், வீடு என்று நிறையச் செய்தார்கள், பல தலைகள் நிமிர்ந்தன. ஆனால் அது உதவி. வறுமையில் இருப்பவருக்கே கிடைக்கும், வசதி வந்தால் நின்றுவிடும். உனக்கு இது தேவை, அதனால் தருகிறோம் என்கிறது உதவி. உனக்கு இழைத்தது தவறு, அதனால் தருகிறோம் என்கிறது இழப்பீடு. வாங்குகிறவருக்கு இரண்டும் ஒன்றல்ல.

அரசே ஒரே தடவையில் ரொக்கமாகக் கொடுத்த கதைக்குத் தென்னாப்பிரிக்கா. உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் 1995 சட்டப்படி, அரசியல் காரணத்துக்காகச் செய்த குற்றத்தை முழுமையாக ஒப்புக்கொண்டவருக்குப் பொது மன்னிப்பு கிடைக்கும். மன்னிப்பு கிடைத்தவர் மேல் நஷ்டஈடு கேட்டும் வழக்குப் போட முடியாது. இன ஒதுக்கலை எதிர்த்துப் போலீஸ் காவலில் உயிரிழந்த ஸ்டீவ் பிகோவின் குடும்பம் உள்ளிட்ட சிலர் இதை எதிர்த்து அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனார்கள், 1996-ல் தோற்றார்கள். வழக்கு உரிமையை எடுத்துக்கொண்டதற்குப் பதிலாக அரசு இழப்பீடு தரும் என்பதுதான் பேரத்தின் மறுபாதி. மன்னிப்பு உடனுக்குடன் அமலுக்கு வந்தது. இழப்பீடு வரிசையில் நின்றது. ஆறு ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 17,000 முதல் 23,000 ராண்ட் வரை கொடுங்கள் என்று ஆணையம் பரிந்துரைத்தது. 2003-ல் அரசு அறிவித்ததோ ஒரே தடவையாக 30,000 ராண்ட், சுமார் 22,000 பேருக்கு. இன ஒதுக்கலில் கொழுத்த நிறுவனங்கள் வரியாக ஒரு பங்கு தரட்டும் என்ற யோசனையையும் அரசு ஏற்கவில்லை.

இங்கே தொகை குறைவு என்பது உண்மைதான். என்னை அதிகம் உறுத்துவது வரிசை. கொன்றவர் முதலில் வீட்டுக்குப் போய்விட்டார், இழந்தவர் வருஷக்கணக்கில் அஞ்சல் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சியரா லியோனில் இதைவிடப் பச்சையாக நடந்தது. 2002-ல் போர் முடிந்தபோது ஆயுதத்தை ஒப்படைத்த 70,000-க்கும் மேற்பட்ட போராளிகளுக்குப் பணம், தொழிற்பயிற்சி, கருவி எல்லாம் கிடைத்தன. அது தேவைதான், இல்லையென்றால் துப்பாக்கி திரும்பி வரும். போரில் கை வெட்டப்பட்டவர்கள் உள்ளிட்டோருக்கான இழப்பீட்டுத் திட்டம் தொடங்கியது 2008 கடைசியில், அதுவும் ஐ.நா. நிதியிலிருந்து வந்த 30 லட்சம் டாலரில். முதல் தவணையாகப் பலருக்குக் கிடைத்தது ஏறக்குறைய 100 டாலர். வெட்டியவர் தச்சு வேலை கற்று ஆறு வருஷம் ஆன பிறகு, வெட்டுப்பட்டவர் கையில்லாத கையால் அந்த நூறு டாலரை வாங்குகிறார். ஊர் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

ரொக்கம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நேரம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அர்ஜென்டினாவைப் பார்க்கலாம். 1994-ல் போட்ட சட்டம், ராணுவ ஆட்சியில் காணாமல் ஆக்கப்பட்ட ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் சுமார் 2,24,000 டாலர் மதிப்புள்ள அரசுப் பத்திரங்களைக் கொடுத்தது. நான் மேலே சொன்ன எந்த நாட்டுத் தொகையும் அதன் பக்கத்தில் நிற்காது. இருந்தும், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடிப் போராடிய பிளாசா டே மாயோ அன்னையரில் ஹெபே டே பொனாஃபினி தலைமையிலான அணி அதைத் தொட மறுத்தது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. அந்தச் சட்டம் வந்த நேரத்தில் விசாரணைகளைச் சட்டங்கள் போட்டு அடைத்திருந்தார்கள், தண்டனை பெற்ற தளபதிகளையும் ஜனாதிபதி மன்னித்து வெளியே விட்டிருந்தார். நீதியின் கதவைச் சாத்திவிட்டு ஜன்னல் வழியாகப் பணத்தை நீட்டினால், தாய்க்கு அது பிள்ளையின் விலையாகத்தான் தெரியும். மற்ற அணியினர் அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிட்டார்கள், பலர் வாங்கினார்கள். வாங்கியவர்களைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. பேரப்பிள்ளையை வளர்த்துக்கொண்டிருந்த பாட்டிகள் அவர்களில் இருந்தார்கள். அந்தச் சட்டத்தில் எனக்கு மதிப்பு வருவது வேறு ஒரு விஷயத்தால்: செத்துவிட்டார் என்று எழுதிக் கொடுத்தால்தான் பணம் என்று அது கேட்கவில்லை. 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டதால் இல்லாதவர்' என்று அதே ஆண்டு இன்னொரு சட்டத்தில் தனி நிலை ஒன்றை உண்டாக்கினார்கள். பின்னால் 2005-ல் அந்த அடைப்புச் சட்டங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது வழக்குகள் திரும்ப நடந்தன. குடும்பங்கள் பணம் வாங்கியிருந்தது அதற்குக் குறுக்கே நிற்கவில்லை.

ஊருக்குப் பொதுவாகக் கொடுப்பதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெருவில் உண்மை ஆணையம் 2003-ல் அறிக்கை கொடுத்தது: அரசுக்கும் கொரில்லாக்களுக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் சுமார் 69,000 பேர் இறந்திருக்கலாம், அவர்களில் நான்கில் மூன்று பேர் கெச்சுவா போன்ற பூர்வகுடி மொழி பேசியவர்கள். 2007-லிருந்து பாதிக்கப்பட்ட ஊர் ஒவ்வொன்றுக்கும் 1,00,000 சோல் வரை கொடுத்து, வாய்க்காலா மண்டபமா என்று ஊரையே முடிவு செய்யச் சொன்னார்கள். யார் யாரைக் காட்டிக் கொடுத்தார்கள் என்று பிரித்தெடுக்கவே முடியாத மலைக் கிராமங்களில் இது சண்டையைத் தவிர்க்கும் வழி என்பது சரிதான். ஆனால் வாய்க்கால் எந்த ஊருக்கும் அரசு வெட்டித் தர வேண்டியது. கணவனை இழந்தவருக்கும் பக்கத்து வயல்காரருக்கும் அதே தண்ணீர்தான் பாய்கிறது. தனி நபர்களுக்கான பணம் 2011-ல்தான் வரத் தொடங்கியது: இறந்தவர் ஒருவருக்கு 10,000 சோல், அதையும் குடும்பத்தார் பங்கு பிரித்துக்கொள்ள வேண்டும்.

பணத்தை ஓரமாக வைத்துவிட்டு ஊர் கூடிப் பேசி முடித்த வழி கிழக்குத் திமோருடையது. இந்தோனேசியாவிடமிருந்து பிரிவதா என்று 1999-ல் நடந்த வாக்கெடுப்புக்குப் பிறகு இந்தோனேசிய ராணுவமும் அதன் கைக்கூலிக் குழுக்களும் நாட்டின் பெரும்பகுதிக் கட்டடங்களைக் கொளுத்திவிட்டுப் போயின. கொளுத்தியவர்களில் உள்ளூர்ப் பையன்களும் இருந்தார்கள். அவர்கள் ஊர் திரும்ப வேண்டும். அங்கே ஒரு வழக்கம் உண்டு: பெரிய பாயை விரித்து ஊர்ப் பெரியவர்கள் உட்காருவார்கள், வெற்றிலை பாக்கு வரும், வழக்கு தீரும்வரை பாயைச் சுருட்டக் கூடாது. உண்மை ஆணையம் இதைச் சட்டத்தோடு கோத்துவிட்டது. குற்றம் செய்தவர் வாக்குமூலம் எழுதிக் கொடுப்பார். கொலை, வன்புணர்ச்சி போன்றவை அதில் இல்லை என்று அரசு வழக்குரைஞர் அலுவலகம் பார்த்துச் சொல்லும். பிறகு ஊரில் பாய் விரியும். வீடு கொளுத்தியவர் கூரை வேய்ந்து கொடுக்கலாம், ஊருக்குச் சில நாள் வேலை செய்யலாம், மன்னிப்பு மட்டும் கேட்கலாம். ஒப்புக்கொண்டதை முடித்தால் வழக்கு இல்லை. 1,371 பேர் இப்படி முடித்தார்கள். எனக்குத் தெரிந்து உரசல் குறைவாக நடந்த முறை இது. சிறிய குற்றங்களுக்கு மட்டும் என்று கோடு போட்டுக்கொண்டதுதான் அதன் பலம். உத்தரவு போட்ட அதிகாரிகள் எல்லை தாண்டிப் பத்திரமாக இருக்க, கொள்ளிக்கட்டை பிடித்தவன் மட்டும் பாயில் தலைகுனிந்து நின்றான் என்பது அதன் குறை. அந்தக் குறைக்குப் பாய் பொறுப்பல்ல.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் என் தேர்வு எது? ஒரே வழியை எல்லா இழப்புக்கும் பூசக் கூடாது. பொருளுக்கு ஒரு ஏடு, உயிருக்கு ஒரு ஏடு என்று இரண்டு வேண்டும்.

பொருள் இழப்பைச் செய்தவரே கொடுக்கட்டும், எல்லோர் முன்னாலும் கொடுக்கட்டும். ருவாண்டாவில் கிழிந்த இடங்களைத் தைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியும். குடியிருக்கும் வீட்டையும் பிழைக்கும் நிலத்தையும் ஜப்தி செய்யக் கூடாது. உழைத்துக் கொடுப்பதற்கு எப்போதும் இடம் இருக்க வேண்டும். தீர்ப்புத் தொகையை அரசு முதலில் இழந்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். செய்தவரிடம் தவணையில் வாங்கிக்கொள்வது அரசின் வேலை. ஜீவனாம்சத்தை இப்படிக் கொடுத்துவிட்டுத் தகப்பனிடம் வசூலிக்கும் நாடுகள் இருக்கின்றன, இது நடக்காத காரியம் அல்ல. அப்படிச் செய்தால் கை மாறிப்போகுமே, நீ தொடக்கத்தில் சொன்னதற்கே முரணாகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால் முழுவதையும் அரசிடம் விடச் சொல்லவில்லை. ஏதாவது ஒன்று, எடுத்த கதவோ ஒரு கன்றோ ஒரு வாரக் கூரை வேலையோ, எடுத்தவர் கையாலேயே வாசலுக்கு வர வேண்டும். மீதியை வசூலிக்க விதவை வீடு வீடாக அலையக் கூடாது.

உயிருக்கு அரசு கொடுக்க வேண்டும். கொன்றவர் வீட்டிலிருந்து மாதாமாதம் சோறு வாங்கித் தின்பது எந்தத் தாய்க்கும் ஆகாது. மொத்தமாகக் கொடுக்கும் பணம் கடனை அடைத்து, கல்யாணம் ஒன்று செய்து, ஒரு வருஷத்தில் கரைந்துவிடும். பிறகு 'உனக்குத்தான் கொடுத்தாயிற்றே' என்ற பேச்சு மட்டும் மிஞ்சும். எனவே உயிர் உள்ளவரை ஓய்வூதியம் போல மாதாமாதம், ஏழை பணக்காரர் பார்க்காமல். அதை வாங்குவதற்காக வழக்கை விடவோ, இறந்துவிட்டார் என்று எழுதிக் கொடுக்கவோ யாரும் கேட்கக் கூடாது. மன்னிப்பை எந்தப் படிவத்திலும் ஒரு கட்டமாக வைக்கக் கூடாது. வாய்க்காலும் பள்ளிக்கூடமும் வரட்டும், வாய்க்கால் என்றும் பள்ளிக்கூடம் என்றும் பெயர் சொல்லியே வரட்டும்.

இதை எழுதும்போது மனம் இலங்கையின் வடக்கே போகாமல் இருக்க முடியவில்லை. 2018-ல் இழப்பீட்டுக்கான அலுவலகத்தை அமைக்கச் சட்டம் வந்தது. காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு மாதம் 6,000 ரூபாய் என்று 2019-ல் ஒரு பேச்சு, ஒரு தடவையாக 1,00,000 ரூபாய் என்று 2022-ல் ஒரு பேச்சு. 2017 பிப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் கோயில் வாசலில் படங்களோடு உட்கார்ந்த தாய்மார் அதை வேண்டாம் என்றார்கள். அவர்களில் பலர் பதில் தெரியாமலே கண்ணை மூடிவிட்டார்கள். நிதி இல்லாத நாடு, கொடுப்பதை வாங்கிக்கொள்ளலாமே என்று கொழும்பிலிருந்து சொல்பவர்களுக்கு அர்ஜென்டினாவின் கதையைத்தான் சொல்ல வேண்டும். பிள்ளையைக் கையால் பிடித்து ராணுவத்திடம் ஒப்படைத்த தாய் கேட்பது, அந்தக் கை யாருடையது என்ற பதிலை. பதிலுக்கு முன்னால் வரும் பணம் அந்தக் கேள்வியை முடித்து வைக்கும் பணம் என்று அவர் நினைத்தால் தவறில்லை.

ஆனால் தமிழர்களான நமக்கும் ஒரு புல்தரை பாக்கி இருக்கிறது. 1990 அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள் புலிகள். அந்த மாதத்தில் வடக்கு முழுவதிலுமிருந்து 70,000-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். சாமான்கள் முதலில் போயின. அப்புறம் ஆளில்லாத வீடுகளின் ஓடும், ஜன்னலும், நிலைக்கதவும் யார் யார் கையாலோ கழன்று போயின. வருஷங்கள் கழித்து, யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெருவுக்குத் திரும்பி வந்தவர்கள் பார்த்தது கூரையில்லாத சுவர்களையும் உள்ளே வளர்ந்திருந்த மரங்களையும். 2002-ல் புலிகள் தரப்பிலிருந்து வருத்தம் தெரிவித்தார்கள். இன்று அந்த இயக்கம் இல்லை, அதன் பெயரில் யாரும் பணம் கட்டப் போவதில்லை. அரசு கட்டித் தரும் வீடுதான் வழி என்று விட்டுவிடுவது எளிது. கழற்றிய கைகள் எல்லாம் இயக்கத்தின் கைகள் அல்ல. மர நிலை ஒன்று எந்த வீட்டுக்குப் போனது, ஓடு எந்தக் கொட்டகைக்குப் போனது என்று நினைவு வைத்திருப்பவர்கள் சிலராவது இன்னும் இருப்பார்கள். தமிழர்கள் தாங்களாகவே ஒரு பாயை விரித்து, திரும்பி வந்தவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அந்தப் பட்டியலைச் சொல்லச் சொல்லிக் கேட்கலாம்: கதவு எத்தனை, ஓடு எத்தனை, தையல் மெஷின் எத்தனை.